ஃபிரிட்ஜுக்குக் கீழே இரண்டு கட்டை

பகல் பன்னிரண்டு மணிக்கு, முன்பின் அறியாத ஒரு வீட்டின் சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மண்டியிட்டபடி அந்த மெக்கானிக் மெல்ல "ம்ம்ம்" என்றார். கம்ப்ரசரும் "ம்ம்ம்" என்றது. இரண்டு ஒலியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதுவரை சரி. அங்கிருந்து ஒரு கட்டை கீழே இறங்கினார், குரல் தள்ளாடியது. இன்னொரு கட்டை இறங்கினார். வால்வைப் பிடுங்கிய சைக்கிள் டியூப் போல வெறும் காற்றுதான் வந்தது.

"ரிப்பேர் பெரிசாங்களா?" என்று வீட்டுக்கார அம்மா பின்னாலிருந்து கேட்டார். "நீங்க முனகுறதைப் பார்த்தா பயமா இருக்கே."

"இல்லீங்கம்மா. உங்க பெட்டி நல்லா இருக்கு. ரிலே ஒண்ணுதான் போயிருந்துச்சு, மாத்திட்டேன்."

"அப்ப முனகினது?"

"அது என்னோட ரிப்பேர்."

சாயங்காலம் நான்கு மணிக்கு அவருக்கு ஒலிப்பதிவு. நாற்பத்து மூன்று வயதில், முதல் தடவையாக, ஒரு சினிமாப் பாட்டு. அந்தப் பாட்டில் மூன்று இடத்தில் குரல் படிப்படியாகக் கீழே இறங்கி, ஃபிரிட்ஜுக்கும் கீழே இரண்டாவது கட்டையில் போய் உட்கார வேண்டும். அந்தக் கட்டை அவரிடம் இல்லை. இல்லை என்பது அவருக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியும். பாட்டை உண்டாக்கிய பெண் இசையமைப்பாளருக்கு மட்டும் தெரியாது.

பாட்டுக் கணக்கில் ஃபிரிட்ஜ் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரே திக்கில் ஓடுவதில்லை. ஒரு நொடிக்கு ஐம்பது தடவை போய்ப்போய் வருகிறது. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை மோட்டாரின் இரும்பைப் பிடித்து இழுக்கிறது. ஆகவே இரும்பு நொடிக்கு நூறு தடவை அதிர்கிறது. பழைய மாதிரி ஃபிரிட்ஜ் எந்த வீட்டில் இருந்தாலும், எந்த வண்ணத்தில் இருந்தாலும், அதன் முனகல் கிட்டத்தட்ட இந்த ஒரே சுருதிதான். இருபது வருடம் அதன் முதுகில் காதை வைத்தே பிழைத்தவருக்குத் தனியாகத் தம்பூரா எதற்கு? கீபோர்டில் கறுப்பு வெள்ளை இரண்டையும் விடாமல் எண்ணினால் ஒவ்வொன்றும் ஒரு கட்டை; ஃபிரிட்ஜ் எந்தக் கட்டையில் முனகுகிறதோ அதுதான் அவர் குரலின் தரைமட்டம்.

ஆண் குரலை மூன்று அடுக்கு வீடாக நினைத்துக்கொள்ளலாம். மேல்மாடி டெனர், கீழ்த்தளம் பேஸ், நடுமாடி பாரிடோன். பெரும்பாலான ஆண்கள் குடியிருப்பது நடுமாடியில்தான். ஆனால் நடுமாடிக்கு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. மெக்கானிக் ஞாயிறுதோறும் பாடப் போகும் சேர்ந்திசைக் குழுவில், எல்லாரும் பார்த்துப் பாடும் இசைத்தாளில் ஆண்களுக்கு இரண்டே வரி: மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே ஆள் குறைந்தால் "நீங்க கொஞ்சம் அங்க போங்க" என்பார்கள், கீழே ஆள் குறைந்தால் "நீங்க கொஞ்சம் இங்க வாங்க." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது பாரிடோனைப் பார்த்துச் சொன்னதுதான் என்பது அவருடைய கட்சி. சினிமாவிலும் கதை இதேதான். கதாநாயகன் பேசும்போது கீழே பேசுவான், பாட வாயைத் திறந்தால் மேல்மாடிக்கு ஏறிவிடுவான். கனத்த குரலுக்கு மிஞ்சுவது நீதிபதி, பேய், சிமென்ட் விளம்பரம்.

அப்படியிருக்க ஓர் இசையமைப்பாளர், அதுவும் வயதில் சின்னவர், "அடிக்குரலில் பாடும் ஆண் வேண்டும், புதியவர்கள் பாடி அனுப்பலாம்" என்று இணையத்தில் எழுதியிருந்தார். மூன்று வாரத்துக்கு முன்பு. அந்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து மகள் கொண்டுவந்த ஜலதோஷம் வீடு முழுக்கச் சுற்றி அப்பாவிடம் வந்து தங்கியிருந்தது. காலை ஐந்தரைக்கு எழுந்து, பல்கூடத் தேய்க்காமல், மெக்கானிக் சும்மா ஒரு வரி பாடிப் பார்த்தார். குரல் ஃபிரிட்ஜைத் தாண்டி, அதற்குக் கீழே ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. அவருக்கே நெஞ்சு அதிர்ந்தது. மனைவி போனை நீட்டிப் பதிவு செய்தார். அன்றைக்கே அனுப்பியும் விட்டார்கள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. தொண்டைக்குள் கட்டைவிரல் நகம் நீளத்துக்கு இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. அவை அதிர்வதுதான் குரல். இராத்திரி முழுக்கப் பேசாமல், படுத்தே கிடப்பதால், அவற்றில் கொஞ்சம் நீர் கோத்து உப்பிக்கொள்ளும். ஜலதோஷம் வந்தால் இன்னும் கொஞ்சம் உப்பும். தடித்த கம்பி மெதுவாகத்தானே அதிரும்? மெதுவாக அதிர்ந்தால் ஒலி கீழே போகும். எழுந்து நாலு வார்த்தை பேசி, குளித்து, வாடிக்கையாளரோடு வழக்காடி முடிப்பதற்குள் வீக்கம் வடிந்துவிடும். குரல் பழைய தரைமட்டத்துக்கு ஏறிவிடும்.

இசையமைப்பாளர் பதிவைக் கேட்டு அன்று மாலையே போன் செய்தார். "இந்தக் குரலைத்தான் சார் ஆறு மாசமா தேடுறேன்" என்றார். அந்தச் சமயத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மெக்கானிக் சொல்லவில்லை. "ரொம்ப சந்தோஷம் மேடம்" என்று மட்டும் சொன்னார். இசையமைப்பாளர் அந்தப் பதிவை வைத்தே பாட்டுக்குச் சுருதி நிர்ணயித்து, வயலின் வகையறா இருபத்திரண்டு பேரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, எல்லாவற்றையும் பதிவு செய்து முடித்துவிட்டார். இனி சுருதியை மேலேற்ற முடியாது.

மெக்கானிக்கின் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வெட்டுமேசைப் பொறுப்பாளர். விஷயம் தெரிந்ததும் அவர் ஒரே வரியில் சொன்னார்: "அளவு எடுக்கும்போது வயித்தை எக்கிக்கிட்டு நின்னா, அந்தச் சட்டையைப் போடுற நாளெல்லாம் எக்கிக்கிட்டே நிக்கணும்."

"பதிவு பண்ணினது நீ."

"எக்கினது நீங்க."

பகல் ஒரு மணிக்கு மெக்கானிக் தன் வேனை ஒரு மரத்தடியில் நிறுத்தினார். திட்டம் எளிது. காலை என்பது என்ன? தூங்கி எழுவதுதானே? இப்போது இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தால், மூன்று மணிக்கு ஒரு போலிக் காலை கிடைத்துவிடும். கருவிப் பெட்டியைத் தள்ளிவிட்டு, பின்பக்கம் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் இருபத்திரண்டு பேரும் வில்லைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள்.

புரண்டு படுத்தார். போன் அடித்தது. "ஐஸ் வைக்க மாட்டேங்குது" என்றது ஒரு குரல். அவர் கிசுகிசுத்தார்: "நாளைக்கு வர்றேங்க." "ஏன் சார் ரகசியமா பேசுறீங்க, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்றது குரல். வைத்தார். மீண்டும் அடித்தது. இந்த முறை மனைவி.

"தூங்குறீங்களா?"

"தூங்கிக்கிட்டிருக்கேன்."

"தூங்குறவர் போன் எடுப்பாரா? உண்மையைச் சொல்லிடுங்க அந்தப் பொண்ணுகிட்ட. போறதுக்கு முன்னாடி சொல்றதுக்கும் போய் மாட்டிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு."

"சொன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"சொல்லலைன்னா?"

அவர் போனை வைத்தார். எழுந்து உட்கார்ந்து, இறங்கி நடந்து, மறுபடி ஏறிப் படுத்து, மறுபடி இறங்கினார். கடையில் ஐஸ் தண்ணீர் வாங்கிக் குடித்தார்; தொண்டை வீங்கும் என்று ஒரு நப்பாசை. பல் கூசியதுதான் மிச்சம்.

ஒலிப்பதிவுக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. கதவு ஒரு சாண் கனம். உள்ளே போனதும் ஒலிப்பதிவாளர் ஏ.சி.யை நிறுத்தினார். ஒலிவாங்கிக்கு மனிதனைவிடக் காது கூர்மை, ஏ.சி. முனகலும் பாட்டில் சேர்ந்துவிடும். சட்டென்று ஓர் அமைதி விழுந்தது. முனகும் பெட்டி இல்லாத அறையில் மெக்கானிக் நின்றது அபூர்வம். கைத்தடி பிடுங்கப்பட்டவர்போல் நின்றார்.

பாட்டு நல்ல பாட்டு. மகளை வழியனுப்பிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்பும் ஓர் அப்பா பாடுவது. மேலே ஏறும் இடங்களில் அவர் குரல் அவருக்கே தெரியாத வெளிச்சத்தோடு ஏறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் இரண்டு கையையும் கோத்து மோவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு அந்த இடம் வந்தது. "வீட்டுக்கு வா" என்று படியிறங்கி, கடைசி "வா"வில் அடித்தளத்தைத் தொட வேண்டும்.

காற்று.

"பரவாயில்லை சார், இன்னொண்ணு."

காற்று.

"குரல் இன்னும் சூடாகலைபோல. நல்லா பத்து நிமிஷம் பாடி வார்ம் அப் பண்ணுங்க, தானா வந்துடும்."

இங்கேதான் வேடிக்கை. பாடப்பாட மடிப்புகளில் மிச்சமிருந்த வீக்கமும் வடியும். அவர் முயற்சி செய்யச்செய்ய அந்தக் கட்டை இன்னும் தூரம் போகும். கரைக்கு நீந்தும்போதே கரை நகர்ந்துபோவதுபோல. பத்து நிமிடம் பாடினார். இப்போது ஃபிரிட்ஜே கடினமாக இருந்தது.

ஏழாவது தடவைக்குப் பிறகு ஒலிப்பதிவாளர் குறுக்கிட்டார். "தலைவரே, கவலைப்படாதீங்க. நீங்க மேல எங்க வேணும்னாலும் பாடுங்க, நான் மெஷின்ல கீழ இறக்கிடுறேன்." செய்தும் காட்டினார். ஒலிபெருக்கியில் மெக்கானிக்கின் "வா" இரண்டு கட்டை கீழே வந்தது. சுருதி சரி. ஆனால் சுருதியோடு தொண்டையும் வாயும் சேர்ந்து பெரிதாகியிருந்தன. ஏழடி உயரமுள்ள யாரோ ஒருவன் அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் வந்து நின்றுவிட்டுப் போனான்.

"எப்படி சார் இருக்கு?" என்று இசையமைப்பாளர் கேட்டார்.

ஆம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாயெடுக்கவும் போனார். ஆனால் தொழில் அவரை விடவில்லை. "வேற மாடல் கம்ப்ரசரைக் கொண்டுவந்து பொருத்தின மாதிரி இருக்குங்க மேடம். ஓடும். சத்தம் காட்டிக்கொடுத்துடும்." பிறகு ஹெட்போனைக் கழற்றினார். "மேடம், ஒண்ணு சொல்லணும். நான் அனுப்பின பதிவு காலைல அஞ்சரைக்குப் பாடினது. அன்னைக்கு எனக்கு ஜலதோஷம் வேற. அந்தக் கட்டை எனக்குச் சொந்தமில்லைங்க."

கண்ணாடிக்கு அப்பால் கோத்திருந்த கைகள் பிரிந்தன.

"இருபத்திரண்டு பேர் சார்" என்றார் இசையமைப்பாளர்.

"தெரியுங்க."

"நான் போன் பண்ணின அன்னைக்கே சொல்லியிருந்தா, ரெண்டு கட்டை மேல எழுதியிருப்பேன். ரெண்டே ரெண்டு நிமிஷ வேலை."

"பயந்துட்டேங்க."

இசையமைப்பாளர் எழுந்து அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தார். அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. தயாரிப்பாளருக்கு வெள்ளிக்கிழமை பாட்டு போய்ச் சேர வேண்டும். நடந்தவர் நின்றார். "ஜலதோஷம் இல்லாத நாள்ல, காலைல எழுந்த உடனே, எவ்வளவு கீழ போவீங்க?"

"ஒரு கட்டை நிச்சயம். ரெண்டாவது... மூணு தடவை வரும். நாலாவது தடவை வராது."

"எனக்கு வேண்டியது மூணே 'வா'. மத்ததெல்லாம் இன்னைக்கு அருமையா பாடிட்டீங்க, அப்படியே வச்சுக்கலாம். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க. வாயைத் திறக்காம வாங்க. ஒரு இருமல்கூடக் கூடாது. வராட்டி வேற ஆள்தான் சார். எனக்கு வேற வழியில்லை."

"ஆறு மணியா?" என்று ஒலிப்பதிவாளர் பதறினார். "மேடம், நான் ஆறு மணியைப் பார்த்தே பத்து வருஷமாச்சு."

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மனைவி அவரைத் தொட்டு எழுப்பி, உதட்டில் விரலை வைத்தார். மெக்கானிக் தலையாட்டினார். கொட்டாவி விடும்போதுகூடச் சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டார். தெருவில் பால் வாங்கி வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்ன, காலங்காத்தால ரெண்டு பேரும்?" என்றார். மெக்கானிக் கையை மட்டும் ஆட்டினார். மனைவியும் அவரோடு சேர்ந்து சும்மா இருந்துவிட்டார். "சண்டைபோல" என்று பக்கத்து வீட்டுக்காரர் பால் பாத்திரத்திடம் சொல்லிக்கொண்டு போனார்.

ஸ்கூட்டரில் போகும்போது தொண்டையில் ஏதோ அடைத்தது. கனைத்தால் சரியாகிவிடும். கனைக்கக் கூடாது. ஒவ்வொரு சிக்னலிலும் அந்த அடைப்பு வளர்ந்தது. உள்ளே அந்தக் கட்டை இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்கவும் வழியில்லை, தொட்டால் கரைந்துவிடும். தண்ணீரைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிறவன்போல் வண்டியை ஓட்டினார்.

கட்டட வாசலில் காவலாளி மறித்தார்.

"யாரு? எங்க?"

மெக்கானிக் மேலே கையைக் காட்டினார்.

"மேலன்னா? வாயைத் திறந்து சொல்லுங்க."

மனைவி முன்னால் வந்தார். "ரெண்டாவது மாடி ஒலிப்பதிவுக்கு வந்திருக்கோம்ண்ணே. இவர் பேச மாட்டார்."

"அப்ப பாடப்போறது நீங்களா?"

"இல்லண்ணே, இவர்தான்."

காவலாளி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "பேச வராதவர் பாடப்போறாரு. நான் நம்பணும்." உட்கார்ந்தே இருந்தார். "அவர் ஒரே ஒரு தடவை 'ஆமா'ன்னு சொல்லட்டும், விட்டுடுறேன்."

"அந்த ஒரு 'ஆமா'வை இங்க செலவழிச்சா மேல ஒண்ணு குறையும்ண்ணே. மொத்தமே மூணுதான் இருக்கு."

"என்ன மூணு?"

மனைவிக்குப் பொறுமை போயிற்று. "அவருக்கு இருக்கிற சத்தம்!"

மேலிருந்து யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். கலைந்த தலையோடு ஒலிப்பதிவாளர். "விடுங்கண்ணே, நம்ம ஆளுதான்!"

ஒலிவாங்கி ஏற்கெனவே தயாராக இருந்தது. இசையமைப்பாளர் வணக்கம்கூடச் சொல்லாமல் கையால் இடத்தைக் காட்டினார். ஹெட்போனில் நேற்றைய அவருடைய குரலே முன் வரியைப் பாடிக்கொண்டு வந்தது. நேற்று மாலைக்காரன் படியிறங்கி வருகிறான். கடைசிப் படியில் இன்று காலைக்காரன் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக் வாயைத் திறந்தார். அந்த நாளின் முதல் ஒலி "வா" என்று வெளியே வந்தது.

கீழே, ஃபிரிட்ஜுக்கும் கீழே, இரண்டாவது கட்டையில், பரந்து உட்கார்ந்தது. ஒலிப்பதிவாளர் இருக்கையில் நிமிர்ந்தார். முழுதாக விழித்தது அப்போதுதான்.

இரண்டாவதும் வந்தது. ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்தது, ஆனால் அந்த அப்பாவுக்கு அது பொருந்தியது.

மூன்றாவதற்கு வாயைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது. தொண்டை விழித்துக்கொண்டது. ஒரு கட்டைதான் இறங்கியது. மறுபடி முயன்றார். அதுவும் இல்லை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்ததா என்று மனைவியைப் பார்த்தார். அவர் கையில் ஹெல்மெட்டோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"நிறுத்துங்க" என்றார் இசையமைப்பாளர். பதிவில் ஓரிடத்தைக் கேட்டார், பின்னால் ஓட்டினார், மறுபடி கேட்டார். "மூணாவது இடத்துல 'வீட்டுக்கு' வரைக்கும் போதும். 'வா' வேண்டாம். அங்க பெரிய வயலின்கள் அதே படிக்கட்டுல கீழ போகுது. ரெண்டு தடவை உங்களோட இறங்கிப் பழகின காது, மூணாவது தடவை தானா இறங்கும்." அந்த வாத்தியங்களின் ஒலியைச் சற்றே ஏற்றி ஓட்டிக் காட்டினார். குரல் படியின் நடுவில் நின்றது. வாத்தியங்கள் இறங்கிப் போயின. வெறும் வீடு தெரிந்தது.

மெக்கானிக் கடைசியில் மனதாரக் கனைத்தார்.

"முடிஞ்சுது சார்" என்றார் இசையமைப்பாளர். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "அடுத்த மாசம் வெளியீட்டு விழா. மேடையில நீங்களே பாடணும்."

"எத்தனை மணிக்குங்க?"

"சாயங்காலம் ஏழு."

மனைவி அவரைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன்பு இருந்தவர் "ரொம்ப சந்தோஷம் மேடம்" என்று சொல்லியிருப்பார்.

"சாயங்காலம்னா ஃபிரிட்ஜ் வரைக்கும்தாங்க மேடம். அதுக்குக் கீழ ஒரு கட்டைகூட வராது. இப்பவே சொல்லிட்டேன்."

இசையமைப்பாளர் இசைத்தாளின் மூலையில் பென்சிலால் குறித்துக்கொண்டார். "மேடையில வாசிக்கப்போறது மனுஷங்கதானே சார். ரெண்டு கட்டை மேல வாசிங்கன்னா வாசிச்சுட்டுப் போறாங்க."

வாசலில் காவலாளி எழுந்து நின்றார். "என்ன, பேச்சு வந்துடுச்சா?"

"வந்துடுச்சுண்ணே" என்றார் மெக்கானிக்.

"அட, நல்ல கனமான குரல்தான். இதை வச்சுக்கிட்டா அப்படி உம்முனு போனீங்க?"

ஸ்கூட்டர் மூன்று தெரு தாண்டியது. நெஞ்சு லேசாக இருந்தது. நான்காவது தெருவில் அவர் பிரேக்கை அழுத்தினார்.

"என்ன ஆச்சு?" என்றார் மனைவி.

"ரெண்டு கட்டை மேல ஏத்தினா, கீழ சரியாயிடும். ஆனா மேல ஏறுற இடமும் ரெண்டு கட்டை ஏறிடுமே! அது எனக்கு எட்டுமா? எட்டினாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு..."

"என்னங்க."

"ம்?"

"காலைல இருந்த மாதிரியே வாயை மூடிக்கிட்டு வண்டியை ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். அடுத்த சிக்னல் வருவதற்குள், ஹெல்மெட்டுக்குள் மெல்ல, மேல்பக்கம் ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.